உலகின் தலைசிறந்த 100 படங்கள்: பார்ப்பவர்களும் மார்க் போடுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2023 பொங்கல் லீவில் ஆரம்பித்தேன். சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகையின் பட்டியலில் உள்ள 100 படங்களில் இதுவரை 71 முடிந்திருக்கின்றன. ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி, படத்தின் பெயர், இரண்டு வரி, பத்துக்கு இவ்வளவு என்று ஒரு மார்க். அவ்வளவுதான் என் கணக்கு. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பச் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

அது என்ன பட்டியல்? உலகத்தில் வேறு பட்டியலே இல்லையா?

நிறைய இருக்கின்றன. இது பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் நடத்தும் சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகையின் பட்டியல். 1952-இல் தொடங்கி பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. கடைசியாக வந்தது 2022-இல். அடுத்தது 2032-இல் வர வேண்டும்.

நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இந்தப் பத்து வருட இடைவெளிதான். தினமும் மாறும் பட்டியலைத் துரத்திக்கொண்டு ஓட முடியாது. இன்னொன்று, பழைய பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரசனை எப்படி மாறியது என்பதே ஒரு கதையாக இருக்கும். 1952-இல் முதலிடம் டி சிகாவின் பைசைக்கிள் தீவ்ஸ். அப்போது அது வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அடுத்து 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் ஆர்சன் வெல்ஸின் சிட்டிசன் கேன். 2012-இல் ஹிட்ச்காக்கின் வெர்டிகோ. 2022-இல் ஷான்டால் அக்கர்மான் என்ற பெல்ஜியப் பெண் இயக்குநர் 1975-இல் எடுத்த ழான் டீல்மான். (முழுப் பெயரில் பிரஸ்ஸல்ஸில் உள்ள ஒரு வீட்டு முகவரியே அடங்கியிருக்கிறது. இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன்.)

யார் ஓட்டுப் போடுகிறார்கள்? எப்படி எண்ணுகிறார்கள்?

விமர்சகர்கள், பேராசிரியர்கள், திரைப்பட விழாக்களுக்குப் படம் தேர்ந்தெடுப்பவர்கள், ஆவணக் காப்பகத்துக்காரர்கள். 2022-இல் 1,639 பேர். ஒவ்வொருவரும் பத்துப் படங்களின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். வரிசை கிடையாது. முதலில் எழுதிய படத்துக்கும் பத்தாவதாக எழுதிய படத்துக்கும் ஒரே ஓட்டுதான். எந்தப் படத்தை அதிகம் பேர் எழுதினார்களோ அது முதலிடம்.

இந்த எண்ணும் முறையைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 2012-இல் வெர்டிகோவுக்குக் கிடைத்தது 191 ஓட்டு, சிட்டிசன் கேனுக்கு 157. ஓட்டுப் போட்டவர்கள் 846 பேர். அதாவது 'உலகின் தலைசிறந்த படம்' என்று பட்டம் வாங்கிய படத்தை நான்கில் மூன்று பேருக்கு மேல் தங்கள் பத்தில் எழுதவே இல்லை. அவர்களுக்குப் பிடிக்காது என்று சொல்லவும் முடியாது. பதினொன்றாவதாக நினைத்திருக்கலாம். இந்தப் பட்டியலுக்கு அதெல்லாம் தெரியாது. எத்தனை பேர் பெயரைச் சொன்னார்கள் என்பது மட்டும்தான் தெரியும், எவ்வளவு பிடித்தது என்பது தெரியாது.

என் நோட்டு அதற்கு நேர் எதிர். அதில் இருப்பது ஒரே ஆளின் ஓட்டு, ஆனால் எவ்வளவு பிடித்தது என்பது இருக்கிறது. அதனால் 'பட்டியலில் 3, உன் நோட்டில் வெறும் 6-ஆ?' என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: நீங்கள் கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுகிறீர்கள்.

ஓட்டு எண்ணிக்கை என்றால், ஆட்கள் மாறினால் முடிவும் மாறுமே?

மாறும், மாறியது. 2002-இல் 145 பேர் ஓட்டுப் போட்டார்கள். கேனுக்கு 46, வெர்டிகோவுக்கு 41. ஐந்து ஓட்டில் தப்பித்த முதலிடம் அது. 2012-இல் 846 பேரை வைத்து எண்ணினார்கள், கவிழ்ந்துவிட்டது. 2022-இல் ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்கள். புதிதாக வந்தவர்களில் இளைஞர்கள், பெண்கள், ஐரோப்பா அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்கள் அதிகம். 2012 பட்டியலின் முதல் நூறில் பெண்கள் இயக்கிய படங்கள் இரண்டுதான் இருந்தன. 2022-இல் பதினொன்று. 2012-இல் முப்பத்தைந்தாவது இடத்தை ஒட்டி இருந்த ழான் டீல்மான் ஒரே தாவலில் முதலிடத்துக்கு வந்தது. டாக்ஸி டிரைவருக்குத் திரைக்கதை எழுதிய பால் ஷ்ரேடர் இதை வெளிப்படையாகவே குறை சொன்னார்.

என் கருத்து: ஐம்பது வருடம் ஒரே படம் முதலிடத்தில் இருந்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாறிய அன்றுதான் 'ஓட்டுப் போட்டவர்கள் யார்' என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்வி 1962-லேயே வந்திருக்கலாம்.

இயக்குநர்களுக்கு என்று தனியாக ஒரு ஓட்டெடுப்பும் உண்டு. 2022-இல் 480 இயக்குநர்கள் ஓட்டுப் போட்டார்கள். அதில் முதலிடம் குப்ரிக்கின் 2001: எ ஸ்பேஸ் ஒடிசி.

ஐஎம்டிபி டாப் 250-க்கும் இதற்கும் ஏன் ஒட்டவே இல்லை?

ஐஎம்டிபி ஒரு சினிமாத் தகவல் இணையதளம். அங்கே ஓட்டுப் போடுவது பொதுமக்கள். அதுவும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க். குறைந்தது 25,000 ஓட்டு விழுந்த படங்களைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 2008-லிருந்து அங்கே முதலிடத்தில் தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன் உட்கார்ந்திருக்கிறது. சைட் அண்ட் சவுண்ட் நூறில் அந்தப் படமே இல்லை. அதேபோல அங்கே 250-ஐயும் அலசினாலும் ழான் டீல்மான் கிடைக்காது. இரண்டு ஊரிலும் மரியாதை உள்ள படங்கள் உண்டு. காட்ஃபாதர் ஐஎம்டிபியில் 2, இங்கே 12.

பொதுவாக ஐஎம்டிபி பட்டியலில் உள்ளவை யாருக்கும் கெடுதல் செய்யாத படங்கள். பெரும்பாலானவர்கள் 8 போட்டுவிடுவார்கள். சிலர் 10-உம் சிலர் 3-உம் போடும் படம் அங்கே மேலே ஏறாது. இங்கே அந்த 10 போடுகிறவர்கள் போதும், 3 போடுகிறவர்களை யாரும் கேட்பதில்லை.

விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் இன்னொரு ரகம். அங்கே 95 சதவீதம் என்றால் நூற்றுக்கு 95 மார்க் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. நூறு விமர்சகர்களில் 95 பேர் 'பரவாயில்லை' அல்லது அதற்கு மேல் சொன்னார்கள் என்று அர்த்தம். சிட்டிசன் கேன் நெடுங்காலம் அங்கே 100 சதவீதம் வைத்திருந்தது. 2021-இல் யாரோ 1941-இல் சிகாகோ ட்ரிப்யூனில் வந்த ஒரு விமர்சனத்தைத் தோண்டியெடுத்துச் சேர்த்தார்கள். அது படத்தைப் பெரிதாகப் புகழவில்லை. எண்பது வருடம் கழித்து ஒரு மார்க் குறைந்து 99. பேடிங்டன் என்ற கரடிக்குட்டியின் இரண்டாம் பாகம் அப்போது 100-இல் இருந்தது!

தமிழ்ப் படம் ஏதாவது இருக்கிறதா?

இந்த நூறில் இல்லை. இந்தியாவிலிருந்தே ஒரே படம்தான்: சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி, 35-ஆவது இடம். 1992-இல் அது முதல் பத்துக்குள்ளேயே இருந்தது. டைம் பத்திரிகை 2005-இல் வெளியிட்ட 100 படங்களில் மணிரத்னத்தின் நாயகன் உண்டு. அந்தப் பட்டியலில் முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் கிடையாது, அதனால் நமக்குச் சண்டை போடவும் வழியில்லை.

முதலிடப் படத்தில் மூன்று மணி நேரம் ஒரு அம்மா உருளைக்கிழங்கு உரிப்பாராமே?

மூன்று மணி 21 நிமிடம். உருளைக்கிழங்கு அதில் ஒரு பகுதிதான். பாத்திரம் கழுவுவது, ஷூ துடைப்பது, கட்டில் மடிப்பது, கொத்துக்கறி பிசைவது எல்லாம் உண்டு.

கதை இவ்வளவுதான். ழான் ஒரு விதவை. பள்ளியில் படிக்கும் மகனோடு பிரஸ்ஸல்ஸில் வாழ்கிறார். பிற்பகலில் ஒரு ஆண் வந்து போவார், அந்தப் பணத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. இப்படி மூன்று நாட்கள். கேமரா அசையாது. ஒவ்வொரு அறையை விட்டு வெளியே வரும்போதும் ழான் லைட்டை அணைப்பார். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இதே பழக்கம் என்பதால் எனக்கு அந்த ஸ்விட்ச் சத்தம் உடனே பிடித்துப்போனது. வந்தவர் கொடுத்த பணத்தைச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் ஒரு பீங்கான் பாத்திரத்தில் போட்டு மூடி வைப்பார்.

முதல் நாள் எல்லாம் கச்சிதமாக நடக்கிறது. அந்த ஒழுங்கு நம் உடம்பில் ஏறும்வரை படம் காத்திருக்கிறது. இரண்டாம் நாள், வந்தவர் போனதும் அடுப்பில் இருந்த உருளைக்கிழங்கு குழைந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் ழான் அறை அறையாகப் போய் வருகிறார். பீங்கான் பாத்திரத்தின் மூடி திறந்தே கிடக்கிறது. அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு படபடத்தது. பேய்ப் படத்தில் கதவு தானாகத் திறந்தால்கூட இப்படி ஆனதில்லை. புதிதாகக் கிழங்கு வாங்கி வந்து உரிக்கிறார். முதல் நாள் போல கை ஓடவில்லை. மூன்றாம் நாள் என்ன ஆகிறது என்று சொல்ல மாட்டேன்.

முதல் முறை பார்த்தபோது இதில் எதையும் நான் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மணி நேரத்தில் போனை எடுத்துவிட்டேன். மூடி திறந்து கிடந்ததே தெரியாது. நோட்டில் அன்று போட்ட மார்க் 5. படம் எடுத்தபோது அக்கர்மானுக்கு 25 வயதுகூட ஆகவில்லை என்று அப்புறம் படித்தபோதுதான் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அப்படியானால் முதலிடத்திலிருந்தே தொடங்கலாமா?

வேண்டாம். அதுதான் நான் செய்த தப்பு. பட்டியல் என்றால் மேலிருந்து கீழே என்று கை பழகியிருக்கிறது. மெனு கார்டை யாரும் முதல் வரியிலிருந்து சாப்பிடுவதில்லை.

ஜீன் கெல்லியின் சிங்கிங் இன் தி ரெயின் பாருங்கள். 10-ஆவது இடம், 1952. பாட்டு, சண்டை, சிரிப்பு, பேசாத படத்திலிருந்து பேசும் படத்துக்கு ஹாலிவுட் மாறிய கதை. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவருக்கு எந்தக் கஷ்டமும் இருக்காது. அப்புறம் சாப்ளினின் சிட்டி லைட்ஸ். அப்புறம் ரியர் விண்டோ. ஏழாவது எட்டாவது படத்தில் குரோசாவாவின் செவன் சாமுராய்க்குத் தைரியமாகப் போகலாம். 207 நிமிடம், ஆனால் போகிற போக்கே தெரியாது. கூலிக்கு வீரர்களைச் சேர்த்து ஊரைக் காப்பாற்றும் கதையை நாம் பல மொழிகளில் பார்த்துவிட்டோம், அதன் ஊற்று அங்கே இருக்கிறது.

நேரமே இல்லை என்பவர்களுக்கு: மாயா டெரன் 1943-இல் எடுத்த மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன் 14 நிமிடம்தான், பட்டியலில் 16-ஆவது இடம். லா ஜெட்டே 28 நிமிடம். இந்த இரண்டும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். மறுபக்கம், சாட்டான்டேங்கோ ஏழு மணி நேரத்துக்கு மேல். யூத இன அழிப்பைப் பற்றிய ஷோவா என்ற ஆவணப்படம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அந்த இரண்டையும் நான் இன்னும் தொடவில்லை.

டிவியில் இரண்டு பக்கமும் கறுப்பாக வருகிறது. ஜூம் பண்ணிக்கொள்ளலாமா?

கூடாது. ஐம்பதுகளின் தொடக்கம் வரை பெரும்பாலான படங்களின் ஃபிரேமே கிட்டத்தட்டச் சதுரம். இழுத்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள், ஜூம் செய்தால் தலை போய்விடும். அதைவிட முக்கியம், டிவி செட்டிங்கில் மோஷன் ஸ்மூத்திங் அல்லது அது மாதிரி ஒரு பெயரில் இருப்பதைத் தேடிப்பிடித்து அணைத்துவிடுங்கள். அது இருந்தால் 1941-இல் எடுத்த படமும் மெகா சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும்.

பேசாத படங்களை எப்படிப் பார்ப்பது? சத்தமே இல்லாமலா?

இசையோடுதான். அந்தக் காலத்தில் தியேட்டரில் ஆள் உட்கார்ந்து வாசித்தார்கள். இப்போது ஒரே படத்துக்கு நாலைந்து விதமான இசையோடு பிரதிகள் கிடைக்கின்றன. இசை பிடிக்கவில்லை என்றால் படம் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடும் ஆபத்து உண்டு. இன்னொரு பிரதியைப் போட்டுப் பாருங்கள்.

ஜிகா வெர்டோவ் 1929-இல் எடுத்த மேன் வித் எ மூவி கேமரா 9-ஆவது இடத்தில் இருக்கிறது. கதை இல்லை, நடுவில் வசனம் காட்டும் எழுத்து அட்டைகூட இல்லை. சோவியத் நகரங்களில் ஒரு நாள். ஒரு இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குதிரை வண்டி சட்டென்று உறைந்து நிற்கும். அடுத்து சில முகங்கள், அவையும் உறைந்தபடி. பார்த்தால் அவை ஒரு பெண்ணின் மேசையில் கிடக்கும் பிலிம் துண்டுகள். அந்தப் பெண் எலிசவெட்டா ஸ்விலோவா, இந்தப் படத்தின் எடிட்டர், வெர்டோவின் மனைவி. துண்டை எடுத்துப் பார்க்கிறார், ஒட்டுகிறார், குழந்தையின் முகம் உயிர்பெற்றுச் சிரிக்கிறது. எடிட்டிங் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த ஒரு நிமிடத்தைப் போட்டுக் காட்டுவேன்.

ஒரே மூச்சில் பார்க்க முடியவில்லை. இரண்டு நாளாகப் பிரிக்கலாமா?

பிரிக்கலாம், ஆனால் நோட்டில் அதையும் எழுதுங்கள். துண்டு துண்டாகப் பார்த்த படத்துக்கு நான் போட்ட மார்க் எல்லாமே ஒன்று, ஒன்றரை குறைவாக இருக்கிறது. தப்பு படத்தின் மீதா என் மீதா என்று அப்புறம் யோசிக்க அந்தக் குறிப்பு உதவும்.

தூங்கிவிட்டேன்.

பரவாயில்லை. தூங்கவைக்கும் படங்கள் எனக்குப் பிடிக்கும் என்று ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆனால் மார்க் போடாதீர்கள்.

சரி, மார்க்கை எப்படிப் போடுவது?

முதலில் ஒரு பேராசை முறையை முயன்றேன். இயக்கம், நடிப்பு, ஒளிப்பதிவு, இசை, திரைக்கதை என்று ஐந்து கட்டம், ஒவ்வொன்றுக்கும் பத்து, மொத்தம் ஐம்பது. பன்னிரண்டு படம் ஆனதும் கூட்டிப் பார்த்தேன். கொட்டாவி விட்டுக்கொண்டே பார்த்த ஒரு படம் 41 வாங்கியிருந்தது. முடிந்த பிறகு பத்து நிமிடம் எழுந்திருக்கவே முடியாமல் உட்கார்ந்திருந்த படம் 36. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.

இப்போது செய்வது: படம் முடிந்த இரவு மார்க் போடுவதில்லை. மனதில் நிற்கும் ஒரு காட்சியை மட்டும் இரண்டு வரியில் எழுதுவேன். மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போது மார்க். ஒரு இரவு தூங்கி எழுந்தால் கிளைமாக்ஸ் சூடு ஆறிவிடும், முதல் பாதி சலிப்பும் ஆறிவிடும். அப்புறம், மூன்று படங்களை அளவுகோலாக வைத்திருக்கிறேன். எனக்கு 4 என்றால் இது, 6 என்றால் இது, 8 என்றால் இது. புதுப் படம் வந்ததும் 'இது அந்த 6-ஐ விட மேலா கீழா' என்று கேட்டுக்கொண்டால் போதும். உங்கள் மூன்றும் என் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அதனால் பெயர் சொல்லவில்லை.

நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 35 என்றால் பாஸ், 60 என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனந்த விகடன் 16 வயதினிலேவுக்கு நூற்றுக்கு 62.5 போட்டது, முள்ளும் மலருமுக்கு 61. அதை இன்றும் சாதனையாகத்தான் பேசுகிறோம். ஐஎம்டிபியில் 6.2 என்றால் 'சுமார், நேரம் இருந்தால் பார்' என்று அர்த்தம். எந்த ஊர்க் கணக்கில் போடுகிறீர்கள் என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் விகடன் கணக்கு. அதனால்தான் என் 71 படங்களில் 9-க்கு மேல் போனது மூன்றே மூன்று.

உலகமே கொண்டாடும் படம் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு ரசனை இல்லையா?

எனக்கு சிட்டிசன் கேன் முதலில் 6 தான். 'இதில் என்ன இருக்கிறது, கேமரா கீழேயிருந்து பார்க்கிறது, கூரை தெரிகிறது, எல்லாப் படத்திலும் இருப்பதுதானே' என்று எழுதியிருக்கிறேன். எல்லாப் படத்திலும் இருப்பதற்குக் காரணமே இதுதான் என்பது உறைக்க நாளானது. நகல்களை முதலில் பார்த்துவிட்டு அசலுக்குப் போனால் அசல்தான் நகல் மாதிரித் தெரியும்.

என்னை மாற்றியது ஒரே ஒரு ஷாட். சிறுவன் கேன் வெளியே பனியில் விளையாடுகிறான். கேமரா பின்வாங்கி வீட்டுக்குள் வருகிறது. இப்போது ஜன்னல் வழியாக அவன் ஒரு புள்ளி போலத் தெரிகிறான். முன்னால் மேசையில் அவனுடைய அம்மா, வங்கிக்காரரிடம் மகனை ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். அப்பா ஓரமாக நின்று முணுமுணுக்கிறார். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் மேசையும் ஜன்னலும் பனியும் எல்லாமே துல்லியமாகத் தெரியும்படி எடுத்திருக்கிறார். தன் வாழ்க்கை அந்த அறையில் முடிவாவது தெரியாமல் பையன் பின்னால் கத்தி விளையாடிக்கொண்டே இருக்கிறான். வெட்டே இல்லை. இரண்டாவது முறை 8.

ஆனால் இரண்டாவது முறையும் பிடிக்காமல் போனால் அதை அப்படியே எழுதுங்கள். 4 போடுங்கள். ஏன் என்று ஒரு காரணம் சொல்ல முடிந்தால் அது உருப்படியான 4. 'போர்' என்பது காரணம் அல்ல, எந்த இடத்தில் போர் என்பது காரணம்.

பழைய படங்களில் இன்று ஏற்க முடியாத விஷயங்கள் வருமே, அதற்கு மார்க் குறைப்பீர்களா?

குறைப்பேன். 15-ஆவது இடத்தில் இருக்கும் தி சர்ச்சர்ஸில் அமெரிக்கப் பூர்வகுடிகளைக் காட்டும் விதம் பல இடங்களில் கூசுகிறது. நாயகனின் இனவெறியைப் படமே விசாரிக்கிறது என்று சொல்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. இரண்டையும் நோட்டில் எழுதினேன். 'அந்தக் காலம் அப்படி' என்பது விளக்கம், மார்க்குக்கு அது சலுகை ஆகாது.

கதை முன்பே தெரிந்துவிட்டது, இனி பார்ப்பதில் பயன் உண்டா?

உண்டு. சிட்டிசன் கேனில் வரும் 'ரோஸ்பட்' என்றால் என்ன என்று எனக்குப் பள்ளி நாளிலேயே ஒரு அண்ணன் சொல்லிக் கெடுத்துவிட்டார். எந்த நஷ்டமும் ஆகவில்லை. ராமாயணக் கூத்தை யாரும் முடிவு தெரியாமல் பார்ப்பதில்லை.

வீட்டில் யாரும் கூட உட்கார மாட்டேன் என்கிறார்கள். எந்தப் படத்தைக் காட்டினால் உட்காருவார்கள்?

டோக்கியோ ஸ்டோரி. 1953, இயக்கம் ஓசு, 4-ஆவது இடம். சும்மா ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். ஜப்பானியப் பேச்சு, கீழே ஆங்கிலம். அம்மாவுக்கு இரண்டும் வேகமாக ஓடாது. முதல் பத்து நிமிடம் நான்தான் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஊரிலிருந்து வயதான அப்பா அம்மா டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. மாமனார் மாமியாருக்கு என்று மாப்பிள்ளை நல்ல கேக் வாங்கி வருகிறார். 'இவ்வளவு விலையில் எதற்கு' என்று மகளே கடிந்துகொள்கிறாள். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்கு மேல் நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

பெற்றவர்களை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் பிள்ளைகள் காசு சேர்த்து ஒரு வெந்நீரூற்று ஊருக்கு அனுப்புகிறார்கள். அங்கே இரவெல்லாம் கூச்சல், தூக்கம் இல்லை. திரும்பி வந்தால் இங்கேயும் இடமில்லை. போரில் இறந்துபோன மகனின் மனைவி, செட்சுகோ ஹாரா நடித்தது, அவள் மட்டும்தான் லீவு போட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறாள். கடைசியில் துக்க வீட்டில் சாப்பாடு முடிந்த கையோடு மகள், அம்மாவின் உடுப்புகளில் தனக்கு வேண்டியதைக் கேட்கிறாள். 'இவ கேப்பான்னு எனக்கு அப்பவே தெரியும், அந்த கேக்கு சொல்லும்போதே' என்றார் அம்மா.

படத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதுதான் தாங்க முடியவில்லை. அந்தத் தாத்தாவாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது 49 வயதுதான் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. மார்க் கேட்டேன். 'இதுக்கெல்லாம் யாராவது மார்க் போடுவாங்களா' என்று சமையலறைக்குப் போய்விட்டார். என் நோட்டில் 10.

இந்தப் படங்களெல்லாம் எங்கே கிடைக்கும்?

இந்தியாவில் மூபி தளத்தில் மாற்றி மாற்றி வரும். கிரைட்டீரியன் சேனல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும்தான். காப்புரிமை முடிந்த மிகப் பழைய படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், ஆனால் தேய்ந்த பிரதியாக இருக்கும். ஊரில் ஃபிலிம் சொசைட்டி இருந்தால் சேர்ந்துவிடுங்கள். ஐம்பது பேரோடு இருட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது போனை எடுக்கக் கூச்சமாக இருக்கும்.

முடிந்தவரை புதுப்பித்த பிரதியைத் தேடுங்கள். பதேர் பாஞ்சாலியின் அசல் நெகட்டிவ் 1993-இல் லண்டனில் ஒரு லேபில் நடந்த தீ விபத்தில் கருகியது. மிஞ்சியதை வைத்து இத்தாலியின் போலோனா நகரத்து லேபில் மாதக்கணக்கில் உழைத்து 2015-இல் புதுப் பிரதி கொண்டுவந்தார்கள். நான் முதலில் பார்த்தது யாரோ பதிவேற்றிய கலங்கிய பிரதி. அதில் அக்கா துர்காவும் தம்பி அப்புவும் ரயில் பார்க்க ஓடும் அந்த நாணல் வெளி வெறும் வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்தது. புதுப் பிரதியில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாக ஆடுகிறது. அந்தக் காட்சியைப் பாதி எடுத்துவிட்டு ராய் அடுத்த வாரம் போனபோது பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன, அடுத்த வருடம் பூக்கும் வரை காத்திருந்து மீதியை எடுத்தார் என்பது பிரசித்தமான கதை. எனக்கு அது இரண்டாவது பிரதியைப் பார்த்தபோதுதான் முழுதாகப் புரிந்தது.

ஒருமுறை போட்ட மார்க்கை மாற்றலாமா?

தாராளமாக. ஆனால் பழையதை அழிக்காதீர்கள். பக்கத்தில் தேதி போட்டுப் புதியதை எழுதுங்கள்.

ஏறுவது மட்டும் இல்லை, இறங்குவதும் உண்டு. வெர்டிகோவுக்குக் கல்லூரி முடித்த புதிதில் மனதுக்குள் 9 போட்டிருந்தேன். இழந்த பெண்ணைப் போலவே இன்னொரு பெண்ணுக்கு உடை, தலைமுடி எல்லாவற்றையும் மாற்றி அலங்கரிக்கும் நாயகன் அன்றைக்கு எனக்குப் பெரிய காதலனாகத் தெரிந்தான். போன வருடம் பார்த்தபோது அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் 'போதும்' என்று சொல்லக் காத்திருந்தேன். படம் அவள் பக்கமா அவன் பக்கமா என்று முடிவு செய்ய முடியவில்லை. இப்போது 7, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ழான் டீல்மானை இரண்டாவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். பழைய 5-க்குப் பக்கத்தில் 9 என்று எழுதியிருக்கிறேன். கீழே இரண்டு வரி: 'மூடி திறந்து கிடக்கிறது. பணம் உள்ளே இருக்கிறது.'